ஆயில் மாத்தாத வேலுத்தாய்

வேலுத்தாய்க்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்று வ. புதுப்பட்டியில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். காரணம் இல்லாமல் அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. காரணங்கள் அவளைத் தேடி வருகின்றன, அதற்கு அவள் என்ன செய்வாள்? பஸ்ஸை ஓரங்கட்டாமல் நடுரோட்டில் நிறுத்தி ஆள் ஏற்றுகிறவன் ஒருத்தன். "யக்கா, ரிவர்ஸ் வருமா, நான் எடுத்துத் தரட்டுமா" என்று பல்லைக் காட்டுகிற பெட்ரோல் பங்க்காரன் ஒருத்தன். பின்னாலேயே ஆரன் அடித்துக்கொண்டு வந்து, ஓட்டுவது பொம்பளை என்று தெரிந்ததும் வேண்டுமென்றே இன்னும் நாலு தடவை அடிக்கிறவன் இன்னொருத்தன். இத்தனை பேரையும் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வண்டி ஓட்ட அவள் என்ன கல்யாணப் பெண்ணா?

வயது நாற்பத்தாறு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கால் வீங்க நின்று வேலை பார்த்தவள். பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, வீட்டுக்குள் முடங்காமல் டிரைவிங் பழகினாள். முதலில் ஒரு பழைய வேன் வாங்கினாள். அது உழைத்துக் கொடுத்ததில்தான் இந்தப் புது வேன் வந்தது. கான்சாபுரத்தில் ஆரம்பித்து, புதுப்பட்டி, சுந்தரபாண்டியம் என்று வழி நெடுக மில் பெண்களை ஏற்றிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, முன்பு தான் வேலை பார்த்த அதே மில்லின் வாசலில் இறக்கிவிடுவாள். ஷிப்டு விட்டதும் கூட்டிக்கொண்டு திரும்புவாள். அந்த டிரிப்தான் அவள் பிழைப்பு, அவள் பேரும் அதுதான். வேன்கார வேலுத்தாய் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். புருஷன் முத்துப்பாண்டி வத்திராயிருப்பில் தேங்காய் மண்டிக்குப் போகிறவர், அதிர்ந்து பேசாத மனுஷன். வீட்டில் ஒரு ஆளாவது அப்படி இருக்க வேண்டாமா?

பழைய வேனை விற்றவர் சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார். "இந்த மஞ்சக் கேன் ஆயிலைத் தவிர வேற எதையும் ஊத்திராதம்மா. வண்டி உனக்குத் துரோகம் பண்ணாது." வேலுத்தாய் அதை சாமிக்கு நேர்ந்துகொண்டதுபோல் பிடித்துக்கொண்டாள். அந்த வண்டி போய் இந்த வண்டி வந்தது, மஞ்சள் கேன் மாறவில்லை. வேன் ஸ்டாண்டில் இதை வைத்துத் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். சிவப்புக் கேன்தான் உசத்தி என்பார் தங்கப்பாண்டியன். அவரும் வேன் வைத்திருக்கிறவர். நீலக் கேன் ஊற்றினால் மைலேஜ் கூடும் என்பான் இன்னொருத்தன். "ஆயில மாத்திப் பாரு தாயி, பொறவு சொல்லு" என்று தங்கப்பாண்டியன் சீண்டுவார். "நான் மாத்துற ஆளு இல்லண்ணே" என்று இவள் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டு டீயைக் குடிப்பாள். புருஷனை மாத்தச் சொன்னால்கூட யோசிப்பாள், ஆயிலை மாத்த மாட்டாள் என்று சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

இப்படி இருக்கையில்தான் வண்டி ஸ்டார்ட் பண்ணும்போது கரகரவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வாரண்டி இன்னும் முடியவில்லை. சரி, கம்பெனி வண்டிதானே, கம்பெனிக்காரனே பார்க்கட்டும் என்று புதன்கிழமை பெண்களை மில்லில் இறக்கிவிட்ட கையோடு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனாள். ஏசி அறையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். சட்டையில் விக்னேஷ்வரன் என்று பேர் குத்தியிருந்தது. வெளியூர்க்காரன், வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மரியாதையாகத்தான் பேசினான், அதைச் சொல்லியாக வேண்டும்.

"ஃப்ரீ சர்வீஸ் முடிஞ்சதுக்கப்புறம் நம்மகிட்ட வரலையே மேடம். ஆயில் மாத்தினீங்களா?"

"மாத்துறதா? மாத்தவே இல்ல தம்பி." கேட்டதற்கே அவளுக்குப் பெருமை. "மாத்து மாத்துன்னு எம்புட்டோ பேரு சொன்னாக. நான் கேக்கலை. இந்த வண்டி ஓடுற வரைக்கும் மாத்தவும் மாட்டேன்."

பையன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். மறுபடியும் கேட்டான், ஒருதடவைகூடவா மாத்தலை என்று. ஒருதடவைகூட இல்லை என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

அவன் கேட்டது, பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயில் விட்டாயா என்று. அவள் சொன்னது, ஆயில் கம்பெனியை மாற்றவே இல்லை என்று. பழசை இறக்கிப் புதுசு விடுவதை அவள் ஒருநாளும் மாத்துறது என்று சொன்னதில்லை. அது அவளுக்கு 'ஆயில் ஊத்துறது'. அதைக் காலம் தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் மெக்கானிக் பெலிக்ஸ் கடையில் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். மாத்துறது என்றால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போவது. கட்சி மாத்துவது மாதிரி. ஒரே வார்த்தை, இரண்டு பேருக்கு இரண்டு அர்த்தம். ஒரு நிமிஷம் எழுந்து வந்து பானெட்டைத் திறந்திருந்தால் தீர்ந்துபோயிருக்கும். அவன் எழுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டரில் தட்டினான். இன்ஜின் உள்ளே தேய்ந்துபோயிருக்கும், கஸ்டமர் தப்புக்கு வாரண்டி கிடையாது என்றான். என்ன தப்பு என்று இவள் கேட்டதற்கு, "நீங்களே சொல்லிட்டீங்களே மேடம்" என்றான். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மஞ்சள் கேன் ஊற்றியதைத்தான் குற்றம் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு, நாலு வார்த்தை காட்டமாகக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் தெருவைத் தாண்டுவதற்குள் கதை அவளை முந்திக்கொண்டது. சர்வீஸ் சென்டரில் ஒருத்தன் சிரித்தான், அங்கே வண்டி விட வந்த மில் டிரைவர் காதில் விழுந்தது, அவர் வேன் ஸ்டாண்டில் சொன்னார். வாங்கின நாளில் இருந்து ஆயிலே மாத்தாமல் ஒரு பொம்பளை வேன் ஓட்டியிருக்கிறாளாம், கேட்டால் மாத்தவும் மாட்டேன் என்று சவால் விடுகிறாளாம். சாயங்காலம் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது எவனோ ஒருத்தன் "ஏலே, ஆயில் மாத்தாத வேலுத்தாயி வருது, ஒதுங்கு" என்றான். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் உடம்பெல்லாம் எரிந்தது. தினமும் இவளோடு நின்று ஆயில் பஞ்சாயத்து பேசின அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். இவள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சிரிப்பதற்கு ஒரு பொம்பளை கிடைத்தால் அர்த்தமா முக்கியம்?

மறுநாள் மில்லில் இருந்து போன் வந்தது. தொழிலாளர் நலன் பார்க்கிற ஆபீசர் நவநீதகிருஷ்ணன். "வேலுத்தாயம்மா, வண்டி விஷயம் காதுக்கு வந்துச்சு. பொம்பளைப் புள்ளைகளை ஏத்திட்டு வர்ற வண்டி, நடுவழியில நின்னா யார் பதில் சொல்றது? திங்கக்கிழமையில இருந்து தங்கப்பாண்டியன் வண்டி வரும். சனிக்கிழமை வரைக்கும் மட்டும் நீங்க ஓட்டுங்க."

இதில் இருக்கிற நியாயத்தைப் பாருங்கள். ஆபத்தான வண்டி என்றால் அன்றைக்கே நிறுத்த வேண்டும். வேறு வண்டி கிடைக்கிறவரை ஆபத்து இல்லையாம், திங்கட்கிழமை காலையில்தான் ஆபத்து பிறக்குமாம். வேலுத்தாய் இதைக் கேட்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு விக்னேஷ்வரனைப் பிடித்தாள். ஆயில் காலாகாலத்துக்கு ஊத்தியிருக்கு, நான் மாத்தலைன்னு சொன்னது கம்பெனியை, என்று மூச்சு வாங்கச் சொன்னாள். அவன் அசரவில்லை. "எந்தக் கம்பெனி மேடம் ஊத்தினீங்க?" மஞ்சள் கேன் என்றாள். "அது எங்க ஆயில் இல்லையே. அதனாலதான் இன்ஜின் சத்தம். அதுக்கும் வாரண்டி வராது."

மாத்தவில்லை என்றாலும் குற்றம், மாத்தினாலும் குற்றம். நேற்று ஒரு காரணம், இன்று ஒரு காரணம், இன்ஜினை மட்டும் எவனும் பார்க்கவில்லை. வேலுத்தாய் நேரே பெலிக்ஸ் கடைக்கு வண்டியை விட்டாள்.

பெலிக்ஸ் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். இவள் கொட்டித் தீர்க்கிறவரை அப்படியே படுத்துக் கேட்டார். "நீங்க மில்லுக்கு வந்து சொல்லணும்ணே. இந்த வண்டிக்கு நாந்தான் ஆயில் ஊத்துறேன், எப்பவும் மஞ்சக் கேன்தான், ஒருநாளும் மாறலைன்னு சொல்லணும்."

அவர் மெதுவாக வெளியே வந்தார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். "ஊத்துறேன்னு சொல்லுதேன் தாயி. மாறலைன்னு மட்டும் சொல்ல முடியாது."

"ஏன் முடியாது?"

"இடையில மஞ்சக் கேன் சரக்கு வரலை. நீ காத்துக் கெடந்தா ஆயில் காலம் தாண்டிரும். அதான் வேற கேன்ல இருந்து ஊத்துனேன்."

"எந்தக் கேன்?"

"சிவப்பு."

தங்கப்பாண்டியனின் சிவப்பு. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாண்ணே?"

"சொன்னா ஊத்த விட்டிருப்பியா? ரெண்டு கேன்லயும் பின்னாடி ஒரே நம்பரு, பதினஞ்சு டபிள்யூ நாப்பது. உன் வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கதும் அதே நம்பருதான். தெனமும் மில்லுக்குப் போயிட்டு வார வண்டிக்கு நம்பரு சரியா இருக்கணும், சரக்கு போலியா இருக்கக் கூடாது, காலத்துல எறக்கி ஊத்தணும். கேன் கலரைப் பாக்க இஞ்சினுக்குக் கண்ணா இருக்கு?" கொஞ்சம் தைரியம் வந்து தொடர்ந்தார். "அதை ஊத்துன மறுநாளு நீயே வந்து சொன்னே. மஞ்சக் கேன்னா மஞ்சக் கேன்தான்ணே, வண்டி வெண்ணெய் மாதிரிப் போவுதுன்னு."

சொல்லியிருந்தாள். அவளுக்கே நினைவு வந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இத்தனை நாள் எந்த ஒன்றுக்காக ஸ்டாண்டில் தொண்டை வறளச் சண்டை போட்டாளோ, அது அவளுக்குத் தெரியாமலே எப்போதோ மாறிப்போயிருக்கிறது. வண்டிக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. பெலிக்ஸைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள், எதைச் சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள். பிறகு கடைக்கு வெளியே வந்து நின்று, பொதுவாக, யாரையும் பார்க்காமல், நன்றாகத் திட்டினாள்.

சனிக்கிழமை காலையில் ஆட்களை இறக்கிவிட்டு ஆபீசர் அறைக்குப் போனாள். நவநீதகிருஷ்ணன் கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்கிற ஆள்.

"சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லும்மா. மாத்தினியா, மாத்தலையா?"

"ஒரே வார்த்தையிலதான் சார் இம்புட்டு வம்பும் வந்துச்சு" என்றாள் வேலுத்தாய். "இப்ப நான் நாலு வார்த்தை பேசுவேன், நீங்க கேக்கணும். ஆயிலை எறக்கி ஊத்துனேன், ஒருதடவைகூடத் தவறலை. கேனை மாத்தலைன்னு நெனச்சேன். அதையும் மெக்கானிக்கு என்னைக் கேக்காம மாத்தியிருக்காரு. எனக்கு அது அசிங்கம்தான், சிரிக்கிறதுன்னா சிரிங்க. ஆனா வண்டியில என்ன கோளாறுன்னு ஒருத்தரும் பாக்கலை. அந்தத் தம்பி பாக்கலை, நீங்களும் பாக்கலை. பாக்காமலே என் டிரிப்பை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுத்துட்டீங்க. அந்தத் தம்பிய இங்க வரச் சொல்லுங்க. என் கண்ணு முன்னால பானெட்டைத் தொறக்கட்டும். வண்டி போச்சுன்னா நானே சாவியத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருதேன்."

மில் கார்களெல்லாம் அந்த சர்வீஸ் சென்டருக்குத்தான் போகின்றன. ஆபீசர் கூப்பிட்டதும் விக்னேஷ்வரன் மத்தியானம் வந்து நின்றான். மில் முற்றத்தில், வேப்ப மரத்துக்குக் கீழே, பானெட் திறந்தது. ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். ஆயில் இறக்காமலே ஓட்டின வண்டி என்றால் உள்ளே தார் மாதிரி கட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுத்தமாக இருந்தது. குச்சியை உருவிப் பார்த்தான், அளவு சரியாக இருந்தது.

"கறுப்பா இருக்கேப்பா" என்றார் ஆபீசர்.

"டீசல் வண்டி சார், ஊத்தின மறுநாளே கறுத்துடும்." பையனின் குரல் இறங்கிப்போயிருந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டான். கரகரப்பு இல்லை. பெல்ட் ஓடுகிற ரோலரைக் கையால் சுற்றினான், அது சுற்றும்போதே நறநறவென்றது. "இந்த ரோலர்தான் சார். இன்ஜினுக்கு ஒண்ணுமில்ல. இது கம்பெனி பார்ட், வாரண்டியில மாத்திக் குடுத்துடறோம்."

தெரியாதவன் செய்தால் போகட்டும் என்று விடலாம். இவனுக்குத் தெரிந்திருக்கிறது. எழுந்து வந்து பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டான். புதன்கிழமை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மட்டும் மனசு வரவில்லை. வேலுத்தாய்க்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அப்ப 'எங்க ஆயில் இல்ல, அதான் சத்தம்'னியே, அது?"

"நம்பர் சரியா இருந்தா போதும்க்கா." மேடம் போய் அக்கா ஆகியிருந்தது. "எங்க கேனைத்தான் சொல்லணும்னு எங்களுக்குச் சொல்லி வச்சிருக்காங்க."

ஆபீசர் தொண்டையைச் செருமினார். தங்கப்பாண்டியனிடம் தான் பேசிக்கொள்வதாகவும், திங்கட்கிழமை வழக்கம்போல அவளே வரலாம் என்றும் சொன்னார். சொன்னவர் உள்ளே போய்விட்டார். விக்னேஷ்வரன் ஆள் அனுப்பி ரோலரை வரவழைத்து, தானே நின்று மாட்டினான். முடித்துவிட்டு, "சாரிக்கா" என்றான்.

"என்கிட்ட எதுக்குய்யா சொல்லுதே? நான் ஆயில் ஊத்துனது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சதை எனக்கே சொல்லிட்டுப் போறதுக்குப் பேரு சாரியா? ஊரெல்லாம் பரவுனது உன் வாயில இருந்துதானே. ஷிப்டு விடப் போவுது. இந்த வண்டியில ஏறுற புள்ளைக முன்னால நின்னு சொல்லு. ஆயில் மாத்தாத வண்டியில போறோமோன்னு அவளுக மூணு நாளா உசிரக் கையில புடிச்சுக்கிட்டு வந்திருப்பாளுக."

சங்கு ஊதியது. பெண்கள் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே வந்து வேனில் ஏறினார்கள். வேலுத்தாய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பையனுக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் படியில் ஏறி நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னான். அக்கா ஆயில் எல்லாம் ஒழுங்காத்தான் மாத்தியிருக்காங்க, தப்பு தன்னுடையதுதான், வண்டி நல்லா இருக்கு, பயப்பட வேண்டாம்.

டிரைவர் சீட்டுக்குப் பின்வரிசையில் சுந்தரபாண்டியத்து பாண்டிசெல்வி உட்கார்ந்திருந்தாள். அந்த வண்டியில் அதிகம் பேசாதவள் அவள்தான். "இதைச் சொல்லவா தம்பி எங்களை நிப்பாட்டி வச்சிருக்கே?" என்றாள். "ஆயில் ஊத்துற அன்னைக்கெல்லாம் பெலிக்ஸ் அண்ணன் கடை வாசல்ல நின்னது யாருன்னு நெனச்சே? நாங்கதான். சூட்டோட எறக்குனாத்தான் நல்லா எறங்குமாம், அதனால ஷிப்டு விட்டுப் போறப்பவே வண்டிய அங்க திருப்பிருவா. வீட்ல புள்ள பாலுக்கு அழுதுக்கிட்டு இருக்கும். நாங்க இவளைத் திட்டிக்கிட்டே ரோட்டுல நிப்போம். ஒவ்வொரு தடவையும் நின்னிருக்கோம்."

பையன் படியில் இருந்து இறங்கினான்.

"இந்தப் பேச்சு காதுல விழுந்த அன்னைக்கே சூப்பர்வைசர்கிட்டச் சொன்னோம். உங்க வேலையப் பாருங்கன்னாரு. ஆபீசர் கேக்கலை, இந்தத் தம்பி கேக்கலை. அது போகட்டும், அவுக யாரு நாங்க யாரு." பாண்டிசெல்வி முன்னால் குனிந்தாள். குரலை உயர்த்தவில்லை. "நீயும்தானேக்கா கேக்கலை. சாட்சிக்கு பெலிக்ஸ் அண்ணன்கிட்ட ஓடுனே. ஆபீஸ்ல போயி நின்னே. வண்டி நெறைய சாட்சிய முதுகுக்குப் பின்னால உக்கார வச்சுக்கிட்டு மூணு நாளும் ஓட்டிட்டு வந்தே. எங்க வாயெல்லாம் வாயில்லையா?"

மூன்று நாளாகத் தன்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கொதித்துக்கொண்டிருந்தவள் கண்ணாடியில் பார்த்தாள். அத்தனை முகங்களும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன, ஒன்றிலும் சிரிப்பில்லை.

வேலுத்தாய் சாவியில் இருந்து கையை எடுத்தாள். சீட்டில் முழுசாகத் திரும்பி அவர்களைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, மிச்சத்தையும் சொல்லு" என்றாள்.